கால் சென்டர் வேலையில் சேரும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி முடித்த கையோடு சம்பளம் வேண்டும் என்பவர்களைச் சென்னையில் முதலில் கூப்பிடுவது இன்றும் கால் சென்டர்கள்தான். பி.ஏ., பி.காம். படித்தவர்கள், அரியர் பாக்கி வைத்திருப்பவர்கள், சில இடங்களில் பிளஸ் 2 முடித்தவர்கள் என எல்லோரையும் எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் நேர்காணலுக்குப் போய் மாலையில் பணி நியமனக் கடிதத்தோடு திரும்புவது இத்துறையில் சாதாரணம். அந்த அவசரத்தில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். யாருடைய அழைப்பை எடுக்கப் போகிறோம், எந்த நேரத்தில் எடுக்கப் போகிறோம், கைக்கு எவ்வளவு வரும் என்ற மூன்றையும் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் அழைப்பு எடுத்தவளாகவும் பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளாகவும் இந்தத் துறையில் இருந்திருக்கிறேன். கால் சென்டர் வேலை நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எந்த புராசஸ், எந்த ஷிஃப்ட் என்று திருப்பிக் கேட்பேன். ஒரே நிறுவனத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவர் நிம்மதியாக வீடு திரும்புவார். ஐந்தாவது மாடியில் இருப்பவர் மூன்றே மாதத்தில் நொந்துபோய் வேலையை விடுவார். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து இந்த வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முதல் படி: எந்த புராசஸ் என்று கேளுங்கள்

நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அந்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் பணியைத்தான் புராசஸ் என்கிறார்கள். வாடிக்கையாளர் கூப்பிட நீங்கள் எடுப்பது இன்பவுண்ட். நீங்களே கூப்பிடுவது அவுட்பவுண்ட். புதியவர்களுக்கு இன்பவுண்ட் நல்லது. கோபத்தோடு வருபவராக இருந்தாலும் அவருக்கு உங்களிடம் ஒரு தேவை இருக்கிறது. விற்பனைக்கான அவுட்பவுண்டில் அப்படி இல்லை. நாள் முழுவதும் 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், மாத இலக்கையும் எட்டவேண்டும். பேச்சுத் திறமையும் தடித்த தோலும் உள்ளவர்கள் இதில் ஊக்கத்தொகையாகவே நல்ல பணம் பார்க்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் சம்பளத்தை மட்டும் பார்த்து இதில் இறங்கவேண்டாம் என்பேன்.

கடன் வசூல் புராசஸ் கிடைத்தால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். தவணை தவறியவர்களைக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டுவதும், கடன் வாங்கியவரின் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்துவதும் அந்த உத்தரவின்படி தவறு. மேலே இருப்பவர் செய்யச் சொன்னாலும், பதிவாகும் குரல் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

சென்னைக்காரர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது ஏ.ஆர். (அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள், அதாவது வரவேண்டிய பணம்) காலிங். அமெரிக்க மருத்துவமனைகளும் மருத்துவர்களும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிய பில் ஏன் இன்னும் பணமாகவில்லை என்று அந்தக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துக் கேட்கும் வேலை இது. இந்த மெடிக்கல் பில்லிங் தொழில் நம் ஊரில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. எதிர்முனையில் இருப்பவரும் உங்களைப் போல ஓர் ஊழியர் என்பதால் வசவு குறைவு, காத்திருப்பு அதிகம். பில் ஏன் நிராகரிக்கப்பட்டது, எந்த ஆவணம் குறைகிறது, மேல்முறையீடு செய்யலாமா என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கவேண்டும். இரவு வேலைதான் என்றாலும், இங்கே கற்பது கையோடு வரும். நோய்களையும் சிகிச்சைகளையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்குக்கான சான்றிதழ்த் தேர்வு எழுதிப் பகல் வேலைக்கு மாறியவர்கள் நிறையப் பேர். முதல் வேலையாக எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

தமிழிலேயே பேசும் புராசஸ்களும் உண்டு. வங்கி, செல்பேசி நிறுவனம், இணைய வணிகம் எனப் பல. 108ஐ அழைத்தால் எடுப்பவரும், மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைத்தால் எடுப்பவரும் கால் சென்டர் ஊழியர்கள்தாம். சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டு புராசஸைவிடக் குறைவு. ஆனால் பகல் ஷிஃப்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: ஷிஃப்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்

'யு.எஸ். ஷிஃப்ட்' என்று மொத்தமாகச் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே மாலை 6 மணிக்கு அலுவலகம் மூடும்போது இங்கே விடியற்காலை 3.30 அல்லது 4.30. கலிபோர்னியா என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். நீங்கள் முடிக்கும்போது வெயில் வந்திருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் சாப்பாடும் தூக்கமும் சேர்ந்து ஒரு மணி நேரம் நகரும்.

லண்டன் புராசஸ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30. இரவு பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். வீட்டில் போய்ப் படுக்கலாம். சிட்னி புராசஸ் நேர்மாறானது: விடியற்காலை 4.30க்கே, அவர்களுடைய கோடைக்காலத்தில் 3.30க்கே, இருக்கையில் இருக்கவேண்டும். பிற்பகலில் விடுதலை. அஞ்சல்வழியில் படிக்க நினைப்பவர்களுக்கு இது வசதியாக இருக்கும்.

நேர்காணலில் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஷிஃப்ட் நிலையானதா, வாரம்தோறும் மாறுமா? வார விடுமுறை இரண்டு நாள் சேர்ந்து வருமா, பிரிந்து வருமா? தீபாவளி, பொங்கலுக்கு விடுமுறை உண்டா? அமெரிக்க புராசஸில் பொங்கல் ஒரு சாதாரண வேலைநாள்தான். அன்று வேலை செய்தால் கூடுதல் சம்பளமா, மாற்று விடுப்பா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் பார்வையில், நிலையான இரவு ஷிஃப்டைவிட வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட்தான் உடம்பை அதிகம் கெடுக்கிறது.

மூன்றாம் படி: நேர்காணலுக்குத் தயாராவது

இலக்கணச் சுத்தமான ஆங்கிலம் இல்லை என்று பயந்து ஒதுங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். இங்கே அவர்கள் தேடுவது எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும் ஆங்கிலத்தைத்தான். கணினியே கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் வெர்சன்ட் போன்ற தேர்வு இருக்கலாம். கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, ஒரு சிறு கதையைக் கேட்டு உங்கள் சொற்களில் சொல்வது போன்ற பயிற்சிகளை வீட்டிலேயே செய்துபாருங்கள். செல்பேசியில் பதிவுசெய்து நீங்களே கேளுங்கள்.

தமிழர்களுக்கு வரும் உச்சரிப்புச் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'எஞ்சின்' என்பது 'யெஞ்சின்' ஆகும். 'ஒன்லி' என்பது 'வொன்லி' ஆகும். 'ஃப' (f) ஒலி 'ப' ஆகிவிடும். இந்த மூன்றைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்தது. அமெரிக்கர் போல மூக்கால் பேசவேண்டாம். போலி உச்சரிப்பு பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். நிதானமாகப் பேசினாலே போதும். தொலைபேசி எண்ணை 'டபுள் ஃபைவ்' என்று சொன்னால் அமெரிக்க வாடிக்கையாளர் குழம்பலாம்; ஒவ்வோர் எண்ணாகச் சொல்லுங்கள். தேதியில் அவர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள்: 04/05 என்றால் ஏப்ரல் 5. பெயரின் எழுத்துகளைச் சொல்ல ஆல்பா, பிராவோ, சார்லி என்று போகும் வரிசையை முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பயிற்சியில் எப்படியும் கேட்பார்கள்.

நான்காம் படி: கடிதத்தில் உள்ள சம்பளம், கைக்கு வரும் சம்பளம்

கடிதத்தில் பெரிதாகத் தெரியும் தொகை, உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஓர் உதாரணம் பார்ப்போம். மாதச் சம்பளம் 16,000 ரூபாய், அதில் வருங்கால வைப்புநிதிக்குக் கணக்கிடப்படும் பகுதி 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 960 ரூபாய் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய் அதற்குப் போகும். மீதி 14,920. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரியும் பிடிப்பார்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 960 ரூபாயையும், இ.எஸ்.ஐ.யின் 3.25 சதவீதமான 520 ரூபாயையும் கூட்டிக் கடிதத்தில் 17,480 என்று போட்டிருக்கும். எட்டக்கூடிய ஊக்கத்தொகை, வாகன வசதியின் மதிப்பு என்று அதற்கு மேலும் சிலர் சேர்ப்பார்கள். 'கையில் எவ்வளவு வரும்?' என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரவு ஷிஃப்ட் படி தனியாக உண்டா, பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சிறு தொகையில் உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கிறது. அட்டையை வாங்கி அப்பா, அம்மா பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: போலிகளை இனம் காணுங்கள்

வேலைக்கு முன்பணம், வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்ததும் திருப்பி வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வேலையே குற்றமாக இருப்பது. ஒரு சிறிய அறை, மேசையில் கட்டுக்கட்டாக சிம் கார்டு, 'உங்கள் பெயரை மாற்றிச் சொல்லுங்கள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லுங்கள்' என்ற அறிவுரை, கடன் தருவதாகச் சொல்லி முன்கட்டணம் வாங்குதல். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே வெளியேறுங்கள். சட்டப்படி நடத்தப்படும் விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து போகவேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விற்பனை அழைப்பு விடுப்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதிகளுக்கு விரோதம். காவல்துறை சோதனைக்கு வரும்போது அழைப்பு பேசியவர்களையும் சேர்த்தே கைது செய்கிறது. 'சம்பளத்துக்குத்தான் வேலை செய்தேன்' என்பது அங்கே எடுபடாது. இப்படி ஓர் இடத்தை அறிந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

'தாய்லாந்தில் கால் சென்டர் வேலை, தங்குமிடம் இலவசம்' என்று வரும் விளம்பரத்தை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். 2022இல் இப்படி அழைத்துச் செல்லப்பட்ட தமிழக இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு அடித்து வதைக்கப்பட்டார்கள். அவர்களை மீட்டுவர அரசு தலையிட வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்றால், முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இமைகிரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

ஆறாம் படி: பணித்தளத்தில் முதல் வாரங்கள்

பயிற்சி வகுப்பு முடிந்ததும் உண்மையான அழைப்புகளை மேற்பார்வையோடு எடுக்க வைப்பார்கள். இதை நெஸ்டிங் என்பார்கள். செல்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பல புராசஸ்களில் பேனாவும் காகிதமும்கூடக் கூடாது. வாடிக்கையாளரின் அட்டை எண் வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக. அழைப்பு வரும்போது மணி அடிக்காது. காதில் 'பீப்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி ஒரு மனிதர் பேசத் தொடங்கிவிடுவார். மூச்சு விட நேரமில்லை என்பதைப் புதியவர்கள் அப்போதுதான் உணர்கிறார்கள். சுவரில் இருக்கும் திரையில் இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண் ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்காமல் இருக்கப் பழகுங்கள். உங்கள் காதில் இருப்பவர் ஒருவர் மட்டுமே.

இனி எல்லாம் எண்களில்தான் நடக்கும். அவற்றில் உங்களை அதிகம் வாட்டப்போவது ஏ.எச்.டி. எனப்படும் சராசரி அழைப்பு நேரம். ஒன்பது மணி நேர ஷிஃப்டில் ஒரு மணி நேரம் இடைவேளை போனால் மீதி 480 நிமிடம். ஓர் அழைப்புக்கு 6 நிமிடம் என்று இலக்கு வைத்தால், அழைப்புகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் நாளில் 80 பேரிடம் பேசவேண்டியிருக்கும். இதில் பதறிப்போய் எல்லோரையும் அவசரப்படுத்தினால், அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தரப் பரிசோதனையில் மதிப்பெண் போய்விடும்.

ஒரு வங்கியின் தமிழ் புராசஸில், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட் மாட்டி நான் கேட்ட அழைப்பைச் சொல்கிறேன். பேசியவர் பெரியவர். "அம்மா, பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொல்லம்மா" என்றார். "கண்டிப்பாகப் பார்க்கிறேன் ஐயா. உங்கள் பிறந்த தேதியைச் சொல்கிறீர்களா?" என்று இவள் கேட்டாள். "ஆடி மாதம், அமாவாசைக்கு மறுநாள்" என்றார் அவர். பதிவில் இருப்பது வேறு ஏதோ தேதி. புதியவர்கள் பலர் இந்த இடத்தில் 'தகவல் பொருந்தவில்லை' என்று அழைப்பை முடித்துவிடுவார்கள். இவள், "ஆதார் அட்டையில் என்ன போட்டிருக்கிறது ஐயா? மெதுவாக எடுத்துவாருங்கள், நான் லைனில்தான் இருக்கிறேன்" என்றாள். பீரோ திறக்கும் சத்தம், கண்ணாடி எங்கே என்று மனைவியைக் கேட்கும் குரல் எல்லாம் கேட்டன. திரையில் நேரம் இலக்கைத் தாண்டி இரண்டு மடங்காகிவிட்டது. அந்த அழைப்புக்குத் தரப் பிரிவு முழு மதிப்பெண் கொடுத்தது.

அந்த நேரத்தை அவள் எங்கே ஈடுகட்டினாள் என்பதுதான் நீங்கள் கற்கவேண்டியது. இலக்கு சராசரிக்குத்தான், ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியாக இல்லை. இருப்பு எவ்வளவு, கிளை எங்கே போன்ற எளிய அழைப்புகளை ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடித்தால் இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு நேரம் கிடைக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே குறிப்பைத் தட்டச்சு செய்யுங்கள். முடிந்தபின் எழுதலாம் என்று விட்டால் அந்த நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும். கணினியில் தேடும்போது மௌனமாக இருக்காதீர்கள். என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே தேடினால் காத்திருப்பவருக்கு எரிச்சல் வராது.

திட்டுவார்கள், அதுவும் கடுமையாக. அந்தக் கோபம் தாமதமான பார்சல்மீதும் தவறான பில்மீதும் இருப்பது. உங்கள் பெயர்கூட அவருக்கு நினைவிருக்காது. முதல் நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள், பிறகு அவர் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே தணிந்துவிடுவார்கள். ஆபாசமாகப் பேசுபவரை எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்க உங்கள் புராசஸில் அனுமதி உண்டா என்று முதல் நாளே டீம் லீடரிடம் கேட்டுவையுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் நெடுநாள் இருக்கவேண்டாம்.

ஏழாம் படி: உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் இரவிலேயே வேலை செய்வதை யோசித்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பகலில் தூங்குவது தனிக் கலை. நம் வீடுகளில் குக்கர் விசில், கீரை விற்பவர் குரல், கூரியர்க்காரர் அழைப்பு மணி எல்லாம் சரியாக நீங்கள் கண்ணயரும் நேரத்தில்தான் வரும். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி போடுங்கள், காதில் பஞ்சு வையுங்கள், தூங்கும் நேரம் எது என்று வீட்டாரிடம் எழுதி ஒட்டுங்கள். விடுமுறை நாளிலும் தூங்கும் நேரத்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் மாற்றாதீர்கள். நள்ளிரவு கேன்டீனில் பரோட்டாவும் சால்னாவும் மணக்கும். ஷிஃப்டுக்குப் போகும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இடையில் இட்லியோ தயிர்சாதமோ போதும் என்று நிறுத்துங்கள். ஷிஃப்டின் கடைசி மூன்று மணி நேரத்தில் டீ, காபி வேண்டாம். குரலுக்கு வெந்நீர். ஹெட்செட்டின் பஞ்சுறை உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். பலர் மாட்டிய உறையால் காதில் தொற்று வரும். எழுந்தபின் சிறிது நேரமாவது வெயிலில் நடங்கள்.

எட்டாம் படி: வீடும் பயணமும்

வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் தங்குமிடம் தேடும்போது வாடகையைக் கேட்கும் முன், விடியற்காலை 4 மணிக்குக் கதவைத் திறப்பார்களா என்று கேளுங்கள். பெண்கள் விடுதிகள் பலவற்றில் இரவு 10 மணிக்குப் பூட்டு விழும். பகல் உணவு உண்டா, அறைத்தோழி பகல் வேலைக்குப் போகிறவரா, இரவு வேலைக்குப் போகிறவரா என்பதும் முக்கியம். ஷிஃப்ட் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் தூக்கம் போகும்.

பெண்கள் இரவில் நிறுவனம் அனுப்பும் வாகனத்தில் மட்டும் ஏறுங்கள். வண்டி எண், ஓட்டுநர் பெயர் இரண்டையும் நிறுவனம் கொடுத்த பயண விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் பாதுகாவலர் உடன் வரவேண்டும் என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் முறை. அது நடக்கவில்லை என்றால் போக்குவரத்து மேசையில் எழுத்தில் புகார் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் உறுப்பினர்கள் யார் என்று சேர்ந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

'ராத்திரி வேலைக்கா பெண்ணை அனுப்புகிறீர்கள்?' என்று கேட்கும் உறவினர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ ஒருமுறை அலுவலக வாசல்வரை அழைத்துவந்து காட்டுங்கள். நேரில் பார்த்தவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். பிறகு உறவினர்களுக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.

ஒன்பதாம் படி: எவ்வளவு காலம், எப்படி வெளியேறுவது

எளிய கேள்விகளுக்கு இப்போது கணினியே பதில் சொல்லிவிடுகிறது. மனிதர்களிடம் வந்து சேருபவை சிக்கலான, கோபமான அழைப்புகளே. ஆகவே 'அழைப்பு எடுக்கத் தெரியும்' என்பது மட்டும் நெடுநாள் சோறு போடாது. முதல் ஆண்டில் பேச்சையும் பொறுமையையும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் தரப் பிரிவு, பயிற்சி, அறிக்கை தயாரித்தல் என உள்ளேயே ஒரு பக்கம் நகரப் பாருங்கள். அதற்கு எக்செல் நன்றாகத் தெரிந்திருந்தால் போதும், டீம் லீடரின் கண்ணில் படுவீர்கள். அப்படி எதுவும் திறக்கவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் வேலையாக இது பலருக்கு நல்ல வேலை. பத்தாண்டு இரவு வேலையாக யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலையை விடும்போது திடீரென்று போகாமல் நின்றுவிடும் பழக்கம் இந்தத் துறையில் அதிகம். அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆள் அனுப்பும்போது அது மாட்டிவிடும். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அறிவிப்புக் காலத்தை முடியுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் மூன்றையும் வாங்குங்கள். அடையாள அட்டையையும் ஹெட்செட்டையும் ஒப்படைத்ததற்கு ரசீது கேளுங்கள். இறுதிக் கணக்கு எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருங்கால வைப்புநிதிப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணை (வைப்புநிதிக்கான உங்கள் நிரந்தர எண்) புதிய நிறுவனத்தில் கொடுத்துக் கணக்கை அங்கே மாற்றச் சொல்லுங்கள்.